காட்ஸ் போடுகிறவர் யோசனையும் சொல்லலாமா?

கல்லடிப் பொடியன் ஒருவன் கொழும்பில் போக்கர் அறை டீலர், அதாவது காசு வைத்து ஆடும் மேசையில் காட்ஸ் போடுகிறவன். களுவாஞ்சிக்குடிப் பொடியன் ஒருவன் உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறான். அவன் நிற்பது மூன்று காட்ஸ் போக்கர் மேசையில். இரண்டு பேரும் என் வீட்டு விறாந்தையில், பழைய மேசையில் பச்சைத் துணி விரித்து, காட்ஸ் போடப் பழகிப் போனவர்கள். போன மாதம் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பேருமே எனக்குப் போன் எடுத்தார்கள்.

கல்லடிப் பொடியனின் மேசைக்கு வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த வயதான தமிழர் ஒருவர் வந்திருக்கிறார். டீலரின் சட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். பெரிய பந்தயம் ஒன்று எதிரே வந்து நின்றபோது குனிந்து, மெதுவாக, "மகன், கோல் பண்ணட்டா, எறியட்டா?" என்று கேட்டிருக்கிறார். பந்தயத் தொகையைத் தானும் வைத்துத் தொடர்வதா, காட்ஸை விட்டு விலகுவதா என்பதுதான் கேள்வி. இவன் வாய் திறக்கவில்லை. அவர் முகம் வாடியது அன்றிரவு முழுக்க இவனுக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றதாம். "நம்ம ஊர் மனிசன் மாதிரி இருந்தார் அண்ணன். ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துபோகும்?"

கப்பல்காரன் கதை தலைகீழ். பெண்மணி ஒருவர் பத்து, எட்டு, ஐந்து என்று மூன்று காட்ஸை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார். "இதற்கு எறிவதுதான் நல்லது, மேடம்" என்று இவன் சொல்லிவிட்டான். பின்னால் நின்ற பிட் பொஸ், அதாவது மேசைகளின் மேற்பார்வையாளர், சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாதக் கடைசியில் வாடிக்கையாளருடன் நன்றாகப் பழகுகிறான் என்று நல்ல பெயர் வேறு.

இரண்டு கதையையும் கேட்டுக்கொண்டிருந்தவன் அக்கரைப்பற்றிலிருந்து இப்போது பழக வரும் மூன்றாமவன். "அங்கே சொன்னால் குற்றம், இங்கே சொன்னால் பாராட்டா? மறுகா நான் என்ன செய்யிற அண்ணன்?"

அவனுக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒன்பது வருடம் கொழும்பிலும் கப்பலிலும் காட்ஸ் போட்டவன் என்பதுதான் எனக்குள்ள தகுதி. சூது ஆடலாமா, அந்த வேலைக்குப் போகலாமா என்பது வேறு கேள்வி. அக்கரைப்பற்றுப் பொடியனின் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. அவன் வாப்பாவுக்கும் அவனுக்கும் இடையில் நான் போவதாகவும் இல்லை. மேசைக்குப் பின்னால் நின்றாகிவிட்டது, இனி வாயை என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கசினோ கிடையாது. இந்தத் தொழிலுக்கென்று நாட்டில் 2010இல் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தொழில் நடப்பது கொழும்பில். 2025 ஓகஸ்டில் அங்கே 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கசினோ திறந்ததற்குப் பிறகு என்னிடம் விசாரிக்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். உள்நாட்டவர் கசினோவுக்குள் நுழைய டொலர் கணக்கில் வரி கட்ட வேண்டும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் மேசைக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் நிற்பதுதான் அதிகம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், யாருடைய காசு நகர்கிறது என்பது. என் பார்வையில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கசினோவில் போக்கர் என்ற பெயரில் இரண்டு விதமான ஆட்டம் நடக்கிறது. டெக்சஸ் ஹோல்டம் போன்றவற்றில் ஆட்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடுகிறார்கள். கசினோ பந்தயம் வைப்பதில்லை. ஒவ்வொரு பொட்டிலிருந்தும், அதாவது நடுவில் சேரும் பந்தயக் காசிலிருந்தும், 'ரேக்' என்று சின்னப் பங்கை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று காட்ஸ் போக்கர், கரிபியன் ஸ்டட் போன்றவற்றில் ஆள் ஆடுவது கசினோவுக்கு எதிராக. அவர் தோற்றால் கசினோவுக்கு வரவு, வென்றால் கசினோவுக்குச் செலவு.

ஊர்க் கணக்கில் சொன்னால், முதலாவது மீன் ஏலம், இரண்டாவது பலசரக்குக் கடை. கடைக்காரர் "இந்த அரிசி வேண்டாம், அதை எடுங்கள், மலிவு" என்று சொன்னால் அவருடைய இலாபத்தில்தான் கை வைக்கிறார். அது அவர் இஷ்டம். வாழைச்சேனையில் மீன் ஏலம் கூறுகிறவர் ஒரு வியாபாரியின் காதில் "இதற்கு மேல் கேட்காதே" என்று குசுகுசுத்தால் என்ன நடக்கும்? படகுக்காரரின் காசில் கை வைக்கிறார். தன் கொமிஷன் அவருக்கு எப்படியும் வரும்.

இரண்டாவது, சொல்கிறவருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது. மூன்றாவது, டீலரின் வேலைக்கும் பெயருக்கும் வரும் ஆபத்து. மேலே கமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அது முகத்தையும் கையையும் பார்க்கும், நல்ல மனதைப் பார்க்காது. நான்காவது, புதிதாக வந்தவர் அவமானப்படாமல் ஆட முடிகிறதா என்பது. ஆட்டத்தின் வேகத்தையும் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். நேரடி ஹோல்டம் மேசையில் மணிக்கு முப்பது கை (ஒரு தடவை காட்ஸ் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) போவதே நல்ல வேகம், பேச்சு கூடினால் அது குறையும். உண்மைதான், ஆனால் அது முதலாளியின் கவலை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வழி ஒன்று: வாயே திறப்பதில்லை

காட்ஸைக் கலக்கு, வெட்டு, போடு, காசுக்குப் பதிலாக வைக்கிற சிப்ஸைச் சேர், வென்றவர் பக்கம் தள்ளு. யோசனை கேட்டால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நில். பழைய ஆட்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த வழி இதுதான்.

ஹோல்டம் மேசையில் இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 'ஒரு கைக்கு ஒரு ஆள்' என்பது போக்கரின் அடிப்படை விதி. போட்டி நடத்துநர்களுக்காக 2001இல் தொடங்கிய போக்கர் டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதிகளிலும் அது இருக்கிறது. பக்கத்துக் கதிரைக்காரர், பின்னால் நிற்கும் மனைவி, டீலர், யாரும் ஓடிக்கொண்டிருக்கும் கையைப் பற்றி யோசனை சொல்லக் கூடாது. எங்களுக்கு இது புதிதும் இல்லை. செத்த வீட்டில் இரவு விழித்திருந்து முந்நூற்று நாலு ஆடுகிற இடத்தில், பின்னால் நின்று இரண்டு பேரின் கையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் 'துரும்பைத் திற' என்று ஒருவன் சொன்னால், எழும்பி நின்று ஏசுவதற்கு ஆள் இருக்கும். அங்கே போவது வெறும் புள்ளிதான். அதற்கே அந்தக் கோபம்.

மொழியும் இதில் சேரும். கை ஓடும்போது மேசைக்கென்று வைத்த மொழியை விட்டு வேறு மொழியில் பேச நல்ல அறைகள் விடாது. கொழும்பில் அது பெரும்பாலும் ஆங்கிலம். அந்தப் பெரியவர் தமிழில் கேட்டதே மற்ற எட்டுப் பேருக்கும் உறுத்தியிருக்கும். பொடியன் தமிழில் "உங்கள் இஷ்டம் ஐயா" என்று சொல்லியிருந்தால்கூட, அது 'எறியாதீங்க' என்பதற்கான சொல் இல்லை என்று பக்கத்தில் இருந்த சீனருக்கு எப்படி விளங்கும்?

மறைந்திருக்கும் செலவும் உண்டு. முழு மௌனம் புதியவரைத் தனியாக விட்டுவிடும். மேசையிலுள்ள பழைய ஆட்கள் அவருக்கு 'உதவி' செய்யத் தொடங்குவார்கள், தங்களுக்கு வசதியான பக்கமாகப் பார்த்து. அதைத் தடுப்பதும் டீலரின் வேலை, அதற்கு வாய் திறந்தாக வேண்டும். மௌனமே நல்லொழுக்கம் என்று பழகிய பொடியன்கள், திறக்க வேண்டிய இடத்திலும் திறக்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

வழி இரண்டு: விதியைச் சொல், வழியைச் சொல்லாதே

நான் பழக்குவது இந்த வழியைத்தான். ஆனால் சொல்வதைப் போல இது சுலபமில்லை, கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

"இப்போது என் முறையா?" சொல்லலாம். "பந்தயம் எவ்வளவு?" சொல்லத்தான் வேண்டும். "குறைந்தது எவ்வளவு ரெய்ஸ் பண்ணலாம்?" பந்தயத்தைக் கூட்டுவதுதான் ரெய்ஸ், அதையும் சொல்லலாம். "பொட்டில் மொத்தம் எவ்வளவு?" இந்தக் கேள்வியில் பலர் தடுமாறுவார்கள். பொட்-லிமிட் ஆட்டத்தில் எண்ணிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ரெய்ஸின் எல்லையே பொட்டின் அளவுதான். எல்லை இல்லாத நோ-லிமிட்டில் எண்ணிச் சொல்லக் கூடாது. சிப்ஸைப் பரப்பி எல்லோரும் பார்க்க விடலாம், அவ்வளவுதான். கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது ஆடுகிறவரின் திறமை. அதை டீலர் செய்து கொடுத்தால் அதுவே யோசனை.

"பிளஷ் பெரிதா, ஸ்ட்ரெய்ட் பெரிதா?" என்று கை நடுவில் கேட்பார்கள். (ஒரே சின்னத்தில் ஐந்து காட்ஸ் பிளஷ், வரிசையாக ஐந்து ஸ்ட்ரெய்ட்.) கேள்வி கேட்ட அந்த நொடியே அவர் கையில் என்ன இருக்கிறதென்று முழு மேசைக்கும் தெரிந்துவிடும், பாவம். இது விதிதான், சொல்லலாம். ஆனால் நான் வாயால் சொல்வதில்லை. கைகளின் வரிசை அச்சடித்த அட்டை மேசையில் இருந்தால் அதை அவர் பக்கம் தள்ளிவிடுவேன், முழு வரிசையும் தெரிகிற மாதிரி. ஒரு வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினால் அது வேறு கதை.

ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு காட்ஸ் கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து வரை மேசை நடுவில் திறந்து விழும், அதுதான் 'தரை'. தரையில் மூன்று ஆட்டின் விழுந்தால் "பிளஷ் வரலாம்" என்று சும்மா சொல்லிவிடுகிற டீலர்கள் இருக்கிறார்கள். பகிடியாகத்தான் சொல்வார்கள். கவனிக்காமல் இருந்த ஒருவர் அதைக் கேட்டுக் கவனித்துவிட்டால், பிளஷ் வைத்திருந்தவரின் சம்பாத்தியம் போயிற்று.

இனி, கட்டாயம் வாய் திறக்க வேண்டிய இடம். கடைசிச் சுற்று முடிந்து கைகளைக் காட்டும் நேரம். தரையில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, கிங். ஒருவர் ஏழையும் இரண்டையும் திறந்து வைத்து, "என்னிடம் ஒன்றுமில்லை" என்கிறார். ஐந்து முதல் ஒன்பது வரை ஸ்ட்ரெய்ட் அவரிடம் இருக்கிறது! அந்த இடத்தில் "ஸ்ட்ரெய்ட், ஒன்பது வரை" என்று உரக்கச் சொல்லாத டீலர் தன் வேலையைச் செய்யவில்லை. காட்ஸே பேசும், ஆள் சொல்வது கணக்கில்லை என்பது விதி. திறந்து வைத்த காட்ஸ் மேசைக்குச் சொந்தம்.

ஆனால் அதே மனிதர் அந்த ஏழையும் இரண்டையும் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளினால், டீலர் அதை எடுத்து எறிந்த குவியலில் சேர்க்க வேண்டியதுதான். "ஒருக்கால் திருப்பிப் பாருங்கள்" என்றுகூடச் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது நிலையைத்தான் பொடியன்களுக்கு ஜீரணிக்க முடிவதில்லை. அதே ஆள், அதே காட்ஸ், ஒரு திருப்பல்தான் வித்தியாசம்.

இந்த வழியின் செலவு என்னவென்றால், நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். களைத்துப்போன பின்னிரவில் கோடு மங்கும். கேட்கிறவருக்கோ, 'பந்தயம் எவ்வளவு என்று சொன்னவன் பொட் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறானே' என்று எரிச்சல் வரும்.

வழி மூன்று: கேட்டால் யோசனை சொல்வது

இரண்டு ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்காமல் இதைப் பேசவே முடியாது.

ஹோல்டமில் ஒரு கையை எடுப்போம். நான்காவது காட்ஸ் தரையில் விழுந்தாயிற்று. அந்தப் பெரியவரிடம் இரண்டு ஆட்டின், தரையில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் பிளஷ். பொட்டில் 6,000 ரூபா. எதிராளி 3,000 பந்தயம் வைக்கிறார். பெரியவர் கண்டது ஆறு காட்ஸ், காணாதது 46. அதில் ஆட்டின் 9. பிளஷ் விழுந்தால் வெற்றி, விழாவிட்டால் தோல்வி, அதற்குப் பிறகு பந்தயம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கை 46 தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் அவர் கோல் பண்ணுகிறார் என்றால், 9 தடவை 9,000 வீதம் 81,000 வருகிறது. 37 தடவை 3,000 வீதம் 111,000 போகிறது. மொத்தத்தில் 30,000 நட்டம், ஒரு தடவைக்குச் சுமார் 650 ரூபா.

அந்த 650 யாருக்குப் போகிறது? ரேக்கை விட்டுப் பார்த்தால், முழுவதும் எதிராளிக்கு. சரியான அளவு பந்தயம் வைத்து, பெரியவரைத் தவறு செய்யத் தூண்டி, அவர் உழைத்துச் சம்பாதிக்கிற காசு அது. டீலர் "எறியுங்கள் ஐயா" என்று அன்பாகச் சொன்னால் எதிராளியின் சட்டைப் பையிலிருந்து 650 ரூபாவை எடுத்துப் பெரியவரின் பையில் போடுகிறார். எதிராளியும் அதே மேசைக்கு அதே ரேக் கட்டி ஆடுகிறவர்தான். கல்லடிப் பொடியன் கேட்ட 'என்ன குறைந்துபோகும்?' என்பதற்கு இதுதான் என் பதில்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். அந்தப் பெரியவரே அடுத்த கையில் எதிர்ப்பக்கம் இருப்பார். அப்போது டீலர் இன்னொருவருக்கு யோசனை சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

கசினோவுக்கு எதிரான ஆட்டத்தில் நிலைமை மாறிவிடும். மூன்று காட்ஸ் போக்கரை டெரெக் வெப் என்பவர் 1994இல் உருவாக்கினார். அதில் ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: மேலும் பந்தயம் வைத்துத் தொடர்வதா, எறிவதா. அதற்குச் சரியான விடையும் ஒன்றுதான். குயீன், ஆறு, நாலு அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் தொடரலாம், சிறியது என்றால் எறியலாம். இந்த விதிப்படி ஆடினால் கசினோவின் சாதகம் முதல் பந்தயத்தில் சுமார் 3.4 வீதம். காட்ஸைப் பார்க்காமலே எல்லாக் கையையும் தொடர்ந்தால் சுமார் 7.6 வீதம். ஆயிரம் ரூபா வைக்கிறவருக்கு ஒரு கைக்குச் சராசரியாக 34 ரூபா போவதா, 76 ரூபா போவதா என்ற வித்தியாசம். அந்த 42 ரூபாவும் கசினோவின் பையிலிருந்து வருவது. பக்கத்துக் கதிரைக்காரருக்கு ஒரு சதம் நட்டமில்லை. டீலரின் காட்ஸ் கவிழ்ந்து கிடப்பதால் அவருக்குத் தெரிந்த இரகசியமும் எதுவுமில்லை.

காசு கசினோவுடையது என்பதால் அனுமதி கொடுப்பதும் கசினோதான். பல இடங்களில் கொடுக்கிறார்கள். கெதியில் தோற்று எழும்பிப் போகிறவரைவிட மூன்று மணித்தியாலம் சிரித்துக்கொண்டு ஆடுகிறவர் திரும்பவும் வருவார் என்பது அவர்கள் கணக்கு. இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை வெல்லப் பார்க்கிற பிளக்ஜாக் ஆட்டத்தில், எப்போது என்ன செய்வதென்று சொல்லும் வழிகாட்டி அட்டையை மேசையிலேயே வைத்துப் பார்த்து ஆடப் பல கசினோக்கள் விடும், லாஸ் வேகாஸில் பரிசுக் கடைகளிலேயே வாங்கலாம். அந்த முறையை 1956இல் கணித்து வெளியிட்டவர்கள் அமெரிக்க இராணுவத்தில் இருந்த நான்கு பேர். இவ்வளவு காலமாக ஊருக்கே தெரிந்த கணக்கை டீலர் வாயால் சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் கப்பல்காரன் செய்தது முழுக்கச் சரியா? பாதிதான். இரண்டாவது அளவுகோலை அவன் மறந்துவிட்டான். காட்ஸ் போடத் தெரிவது வேறு, ஆடத் தெரிவது வேறு.

என் கதையையே சொல்கிறேன். பிளக்ஜாக் மேசையில் ஆளுக்கு பிளக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புள்ள காட்ஸும்) விழுந்து, டீலருக்கு ஏஸ் தெரிந்தால், "ஈவன் மணி எடுக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். டீலருக்கும் பிளக்ஜாக் வந்தால் ஆளுக்கு ஒன்றும் கிடையாது. ஈவன் மணி எடுத்தால் வைத்த காசளவு நிச்சயம். "எடுங்கள், கைக்கு வந்ததை விடலாமா" என்று வருடக் கணக்கில் நான் சொல்லிவந்தேன். கேட்க நல்ல புத்தியாகத்தான் இருக்கும். ஆறு கட்டு ஆட்டத்தில் அந்த நேரம் காணாத காட்ஸ் 309, அதில் பத்து மதிப்புள்ளவை 95. ஆயிரம் ரூபா பந்தயம், பிளக்ஜாக்குக்கு இரண்டுக்கு மூன்று வீதம் கொடுக்கிற மேசை என்றால், எடுக்காமல் நின்றவர் 214 தடவை 1,500 வெல்கிறார். அது 321,000. ஒவ்வொரு தடவையும் எடுத்தவருக்கு 309,000. நான் அன்பாகச் சொன்ன யோசனை ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 39 ரூபாவை ஆட்களிடமிருந்து கசினோவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. கப்பலில் கூட இருந்த பிலிப்பைன்ஸ் டீலர் ஒருவர் கடதாசியில் எழுதிக் காட்டும்வரை எனக்கு அது தெரியாது. எத்தனை பேர் அதற்கு எனக்கு டிப்ஸ் தந்தார்களோ!

சரியான யோசனைக்கும் செலவு உண்டு. பதினாறு வைத்துக்கொண்டு என் பத்தைப் பார்த்து யோசித்த ஒருவரிடம், "கணக்குப்படி இன்னொன்று எடுக்க வேண்டும்" என்றேன். எடுத்தார். எட்டு விழுந்தது, இருபத்துநாலு, போயிற்று. பக்கத்து ஆளுக்காக என் காட்ஸைத் திறந்தேன். கீழே ஐந்து, அடுத்து வந்தது கிங், நானும் இருபத்தைந்தில் உடைந்தேன். அவர் சும்மா நின்றிருந்தால் வென்றிருப்பார். அந்த மனிதர் அந்தப் பயணம் முடியும்வரை என்னைக் கண்ட இடமெல்லாம் விரலால் சுட்டி, "இவன்தான்" என்று கூட வந்தவர்களுக்குக் காட்டினார். சொன்னது தவறில்லை. ஆனால் தோற்றவரின் கையில் கணக்கா இருக்கும், என் முகம்தான் இருக்கும்.

டிப்ஸும் இதில் வந்து விழும். யோசனை சொல்லி வென்றவர் சிப் ஒன்றைத் தள்ளினால், கமராவுக்குத் தெரிவது இரண்டு விடயம்: டீலர் ஏதோ சொன்னார், ஆள் ஏதோ கொடுத்தார். மூன்று காட்ஸ் மேசையில் அதைச் சிரித்து விட்டுவிடலாம். போக்கர் அறையில் அது கூட்டுக் களவு என்ற சந்தேகத்துக்குப் போதும்.

வழி நான்கு: மேசைக்கு வெளியே சொல்லிக்கொடுப்பது

சில கசினோக்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பழகு மேசை வைப்பார்கள். காசில்லாச் சிப்ஸ், திறந்து வைத்த காட்ஸ், எந்தக் கேள்வியும் கேட்கலாம். அங்கே டீலர் வாத்தியார். யாருடைய காசும் நகராததால் முதல் அளவுகோலில் பிரச்சினையே இல்லை. ஓய்வு நேரத்தில் வெளியே தேநீர்க் கோப்பையுடன் நிற்கும்போது முடிந்துபோன கையைப் பற்றிப் பேசுவதையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பதில்லை. அதே ஆட்கள் பத்து நிமிடத்தில் திரும்ப மேசைக்கு வருவார்கள்.

செலவு: அரை மணி நேரம் பழகியவர் ஆடத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெரிய மேசைக்குப் போவார். அதோடு, சொல்லிக்கொடுப்பதும் ஆள் சேர்ப்பதுதான். இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டிய உண்மையான யோசனை 'எழும்பிப் போங்கள்' என்பது. பழகு மேசையில் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நல்ல இடங்களில், ஆள் நிலைதடுமாறுவது தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லும்படி டீலருக்குப் பயிற்சி தருவார்கள். அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய காரியம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | யாருடைய காசில் கை | டீலருக்கு ஆபத்து | புதியவருக்கு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| முழு மௌனம் | யாருடையதிலும் இல்லை | குறைவு. வாசிக்க வேண்டிய கையை வாசிக்காவிட்டால் அதிகம் | கடினம் | பெரிய பந்தய மேசை, போட்டியின் கடைசிக் கட்டம் |
| விதி மட்டும் | யாருடையதிலும் இல்லை, கோடு தவறாத வரை | நடுத்தரம் | பரவாயில்லை | எல்லா ஹோல்டம் மேசையும் |
| கேட்டால் யோசனை, ஹோல்டமில் | மற்ற ஆட்டக்காரருடையது | வேலையே போகலாம் | இனிக்கும் | எங்கும் இல்லை |
| கேட்டால் யோசனை, கசினோவுக்கு எதிரான ஆட்டத்தில் | கசினோவுடையது | அனுமதி இருந்தால் குறைவு; பழி வரலாம் | நல்லது, கணக்குச் சரியென்றால் | மூன்று காட்ஸ், பிளக்ஜாக் |
| வெளியே கற்பித்தல் | யாருடையதிலும் இல்லை | இல்லை | மிக நல்லது, ஆனால் தூண்டில் | பழகு மேசை மட்டும் |

அக்கரைப்பற்றுப் பொடியனுக்குச் சொன்னது

எந்த மேசையில் நிற்கப் போகிறாய் என்று முதலில் பார். ஆட்கள் ஒருவருக்கொருவர் ஆடுகிற மேசை என்றால் இரண்டாம் வழி. பந்தயம் பெருக்கப் பெருக்க முதலாம் வழிப் பக்கம் சாய். கசினோவுக்கு எதிரான மேசை என்றால், வேலையில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுக் கேள்: ஆள் கேட்டால் சொல்லலாமா? ஆம் என்றால், அட்டையில் இருப்பதை மட்டும் சொல். "கணக்கு இப்படிச் சொல்கிறது" என்று சொல், "நான் என்றால் இப்படிச் செய்வேன்" என்று சொல்லாதே. கேட்காதவருக்குச் சொல்லாதே. மேசையில் ஒருவருக்குச் சொன்னால் அதே கேள்விக்கு எல்லோருக்கும் அதே பதில். இன்ஷூரன்ஸும் (டீலருக்கு பிளக்ஜாக் வரும் என்று வைக்கிற பக்கப் பந்தயம்) ஈவன் மணியும் வந்தால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். பிளக்ஜாக்கில் உன் கவிழ்ந்த காட்ஸைப் பார்க்கிற முறை இருக்கிற மேசை என்றால், பார்த்த பிறகு ஒரு சொல்லும் கிடையாது, கணக்கும் கிடையாது.

இதற்கு அவன், "சொல்லாமல் இருந்தால் மரியாதைக் குறைவு இல்லையா அண்ணன்?" என்று கேட்டான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தடை. வயதான ஒருவர் கேட்கிறார், பதில் சொல்லாமல் நிற்பதா? பதில் சொல்லலாம், யோசனையைத்தான் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில்தான். கருத்து இவ்வளவு: "உங்கள் முறை, சேர். பந்தயம் மூவாயிரம். வேண்டிய நேரம் எடுங்கள்." முறை, தொகை, அவகாசம். அந்த மூன்றிலும் மரியாதை இருக்கிறது, வழி இல்லை. கல்லடிப் பொடியனிடம் இது இருந்திருந்தால் பெரியவரின் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

அன்று பின்னேரம் விறாந்தையில் நான்தான் அந்தப் பெரியவர். நான்கு காட்ஸ் தரையில் விழும்வரை காத்திருந்துவிட்டு, குனிந்து, "மகன், கோல் பண்ணட்டா, எறியட்டா?" என்றேன்.

"உங்கள் முறை, சேர். பந்தயம் மூவாயிரம். வேண்டிய நேரம் எடுங்கள்." குரலில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் சொல்லி முடிக்கும்போது அவன் இடது கை, எறிந்த காட்ஸை வாங்க வருகிற மாதிரி, ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்திருந்தது.

நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். காட்ஸை வாரிச் சேர்த்துத் திரும்பக் கலக்கத் தொடங்கினான்.